வரைபடத்தின்படி

20 ஆகஸ்ட் 1973, திங்கள்

தோர்ன்மியர் ஊரக மாவட்டச் சபைக்கு வருகிற ஏப்ரல் முதலாம் திகதியோடு ஆயுள் முடிகிறது. இங்கிலாந்து முழுவதும் பழைய சபைகளைக் கலைத்துப் புதிதாக அடுக்குகிறார்கள். எங்களுடையதை இரண்டாகப் பிளந்து, வடக்கை ஒரு புதிய மாவட்டத்துக்கும் தெற்கை இன்னொன்றுக்கும் கொடுக்கப்போகிறார்கள்.

நில அளவைப் பகுதியில் எனக்கு மேலதிகாரி ஹாலம். காலையில் என் மேசைக்கு வந்து இரண்டு வேலை தந்தார். பிளக்கும் கோட்டைப் படத்தில் மையால் வரைந்து, அதற்கு எழுத்தில் விவரமும் எழுத வேண்டும். அடுத்தது, சபையின் வரலாறு. கடைசி விருந்தில் கொடுப்பதற்கு ஒரு சிறு பிரசுரம்.

"கத்தியும் உன் கையில், இரங்கலுரையும் உன் கையில், சீலன்," என்றார்.

சிரித்தேன். அவருடைய பகிடிகளுக்குச் சிரிப்பது வேலையில் ஒரு பகுதி.

"கோடு எதைப் பிடித்துப் போகிறது?"

"புரூக் ஓடையை. பழைய பாரிஷ் எல்லையும் அதுதான். ரயில் பாதை வரை அதை விட்டு விலகாதே. எளிது."

23 ஆகஸ்ட்

ஓடையோரம் நடந்து பார்த்தேன். கடன் வாங்கிய ரப்பர் சப்பாத்து, இரண்டு அளவு பெரியது.

ஆகஸ்டிலும் தண்ணீர் ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கிணற்றை நம்பி வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்தவனுக்கு ஓடும் தண்ணீர் ஒரு கருத்து மட்டும்தான். இங்கே அது பொருளாக இருக்கிறது. கரைகள் நேராக, ஒரே உயரத்தில். இயற்கை இவ்வளவு ஒழுங்காக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

எங்கள் பக்கத்து ஆளான தவமணி அக்கா வீட்டின் முன்னால் உள்ள சிறு பாலத்தில் ஏறிப் படத்தை விரித்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் அவர்கள் வீடு. ஆகவே அவர்கள் தெற்கு மாவட்டத்துக்குப் போகிறார்கள். போகட்டும். எந்த மாவட்டமானாலும் குப்பை அள்ளத்தானே போகிறது.

24 ஆகஸ்ட்

கோடு இழுக்கப்பட்டது.

9 செப்டெம்பர், ஞாயிறு

வழக்கம்போல அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அக்காவின் ஊர் சண்டிலிப்பாய், என் பெரியம்மாவின் மகளோடு படித்தவர். இங்குள்ள மனநோய் மருத்துவமனையில் நேர்ஸ். நான் பேராதனைப் பல்கலைக்கழகப் பட்டத்தையும் ஒரு பெட்டியையும் கொண்டு வந்து இறங்கிய மாதம் அவர்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில்தான் படுத்தேன். இந்த வேலையின் விளம்பரத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டித் தந்ததும் அவர்தான்.

அக்காவின் கணவர் கனகசபை அண்ணைக்கு நெஞ்சு வருத்தம், ஓயாத இருமல். வீடு ஒரு பண்ணைக்காரனின் பழைய கல் வீடு. சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. படுக்கையறைச் சுவரில் ஒட்டிய தாள் தோலாக உரிந்து தொங்குகிறது.

"ஐசே, இது வீடில்லை, கேணி. மேலை கூரை போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறான்," என்றார் அண்ணை. பிறகு இருமினார்.

"வாற வசந்தத்தோடை முடிஞ்சுது தம்பி," என்றார் அக்கா. "பிரயரி லேனிலை சபை கட்டிற வீட்டிலை ஒண்டு எங்களுக்கு. மாடி ஏறத் தேவையில்லை. ஈரமில்லை. அடுத்த ஆள் நாங்கள்தான் எண்டு சொல்லிப்போட்டாங்கள். இன்னும் ரெண்டு குளிர்காலம் இதுக்குள்ளை இவர் இருக்கேலாதெண்டு டொக்டர் எழுதியே தந்திட்டார். ஒண்டைத் தாங்கினால் காணும்."

"தாங்குவன், தாங்குவன். நீ புட்டை வை."

புட்டுக்குச் சொதி கேட்டேன்.

10 செப்டெம்பர்

வீடமைப்புப் பகுதியில் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். பிரயரி லேன் வடக்குக்குப் போகிறது. தெற்கில் விழுகிறவர்களின் விண்ணப்பங்கள் தெற்கு மாவட்டத்துக்கு அனுப்பப்படும். அங்கே அவை புதிய விண்ணப்பங்கள், வரிசையின் கடைசி.

பாவம். ஆனால் எல்லை எல்லைதானே. அதை வைத்தவன் நான் அல்ல.

18 செப்டெம்பர்

வரலாறு எழுதுகிறேன். 'தோர்ன்மியர் ஊரக மாவட்டம் 1894இல் உருவாக்கப்பட்டது. முதலாம் ஆண்டில் ஒரு நோய்த்தடுப்பு மனை அமைக்கப்பட்டது. முப்பதுகளில் இரு பாரிஷ்கள் சேர்க்கப்பட்டன. குழாய் நீர் வழங்கப்பட்டது.' எண்பது ஆண்டு காலம் யாரும் எதையும் செய்யவில்லை, எல்லாம் செய்யப்பட்டது. வாசிக்க இதமாக இருக்கிறது.

14 ஒக்டோபர், ஞாயிறு

மழை. அக்கா குசினி யன்னலால் பின்வளவைப் பார்த்தபடி சொன்னார்: "நேற்று புரூக்குக்கை ஒரு ஆட்டுக்குட்டி விழுந்து கிடந்து கத்தினது. பண்ணைக்காரன் வந்து தூக்கினவன்."

"புரூக் முன்னாலையெல்லே அக்கா?"

"முன்னாலை ஓடுறது கட். வெட்டின வாய்க்கால். யுத்தத்துக்கு முன்னம் வெள்ளம் வடிய வெட்டினதாம். புரூக் உந்தப் பின்னாலை கிடக்கிற பள்ளம். இஞ்சை சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்."

"அதிலை தண்ணியே இல்லையே."

அண்ணை சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஏன் காணும், நீர் எந்த ஊர்? எங்கடை வழுக்கையாற்றிலை எத்தினை மாதம் தண்ணி நிண்டது? மிச்ச நாளெல்லாம் அதுக்குள்ளாலை சைக்கிள் ஓடித்தானே பள்ளிக்கூடம் போனனாங்கள். அதை நாங்கள் ஆறு எண்டுதானே சொல்லுறம்?"

"பேராதனையிலை பூமிசாத்திரம் படிச்ச ஆள்," என்று அக்காவும் சேர்ந்துகொண்டார்.

நானும் சிரித்தேன். தட்டில் இருந்ததை முடித்தேன். மழைக்குள் இறங்கிப் பின்வளவுக்குப் போய்ப் பார்த்தேன். வளைந்து வளைந்து போகும் பள்ளம். அடியில் காஞ்சொறிச் செடிகள். ஒரு பழைய வாளி. இதுதான் எல்லை; எப்போதும் இதுதான். அக்கா வீடு இதற்கு வடக்கே இருக்கிறது.

படத்தில் இரண்டு நீலக் கோடுகள். 'புரூக்' என்ற எழுத்துகள் இரண்டுக்கும் நடுவில். நான் தண்ணீரைப் பார்த்தேன். பெயரை யாரிடமும் கேட்கவில்லை. தண்ணீர் போன பிறகும் தடத்துக்குப் பெயர் நிற்கும் என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மணலில் நானும் சைக்கிள் ஓடியவன்.

நாளை ஹாலமிடம் சொல்ல வேண்டும். சின்ன விஷயம். இரண்டு வாக்கியம்.

15 ஒக்டோபர்

போனபோது அறையில் வேறு ஆட்கள். இரண்டு புதிய மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். என் படம் மேசையில் விரித்துக் கிடந்தது.

"இந்தக் கோட்டைப் பாருங்கள்," என்றார் ஹாலம். "கை நடுங்காத ஒருவன். இதோ, அவனே வந்துவிட்டான்."

ஒருவர் கை குலுக்கினார். என் கை நடுங்கவில்லை.

16 ஒக்டோபர்

ஹாலம் விடுமுறை.

17 ஒக்டோபர்

இல்லை. ஹாலம் நேற்றும் கந்தோரில், தன் மேசையில் இருந்தார். பிற்பகல் முழுவதும்.

2 நவம்பர்

படம் அச்சுக்குப் போய்விட்டது. ஆட்சேபம் இருந்தால் டிசெம்பர் முடிவுக்குள் தெரிவிக்கலாம் என்று நூலகப் பலகையில் அறிவித்தல் குத்தியிருக்கிறார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை. நான்தான் வாசித்தேன், நான்தான் குத்தினேன்.

நியாயங்கள் தேடுகிறேன். ஓடுவதுதானே ஓடை? ஓடாததை ஓடை என்பது வெறும் பழக்கம். மொழி தண்ணீரைப் பின்தொடர வேண்டாமா? இதை ஒரு கட்டுரையாக எழுதலாம். நல்ல கட்டுரையாக வரும்.

அக்காவின் படுக்கையறைச் சுவர் கட்டுரை வாசிக்காது.

11 நவம்பர், ஞாயிறு

போகவில்லை. தடிமன், மூக்கடைப்பு என்று சொல்லியனுப்பினேன்.

18 நவம்பர், ஞாயிறு

போகவில்லை. அக்கா வேலைக்குப் போகும் வழியில் ரசம் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தடிமனுக்கு.

ரசம் நன்றாக இருந்தது. எனக்குத் தடிமன் இல்லை.

22 நவம்பர்

வடக்கு மாவட்டத்தில் நில அளவைப் பகுதிக்குத் தலைவராக ஹாலம் போகிறார். அவருக்குக் கீழே ஒரு நிரந்தர இடம். "விண்ணப்பம் போடு. நேர்முகம் வெறும் சடங்கு," என்றார். அந்த இடம் கிடைக்காவிட்டால் ஏப்ரலில் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க அனுமதி இல்லை. ஊரில் அப்பா என் பெயரோடு 'லண்டன்' என்று சேர்த்துத்தான் சொல்கிறார். லண்டன் இங்கிருந்து வெகுதூரம். அதையும் நான் திருத்தவில்லை.

இன்று இந்தக் குறிப்பேட்டைப் பின்னுக்குப் புரட்டினேன். ஆகஸ்ட் 24. 'கோடு இழுக்கப்பட்டது.' யாரால்? இது தமிழில் நான் எனக்கு மட்டும் எழுதுவது. இங்கேயும் இழுத்தவனைக் காணவில்லை.

6 டிசெம்பர்

நேர்முகம். கேட்டார்கள்: "உங்கள் வேலையில் எதைப் பற்றிப் பெருமைப்படுகிறீர்கள்?"

"துல்லியம்," என்றேன்.

31 டிசெம்பர்

ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள். அறிவித்தலைக் கழற்றினேன். ஊசிகளைப் பெட்டியில் போட்டேன்.

13 ஜனவரி 1974, ஞாயிறு

ஊரிலிருந்து கெட்ட செய்தி. தமிழ் மாநாட்டின் கடைசி நாளில் யாழ்ப்பாணத்தில் ஆட்கள் செத்துப்போனார்கள். அக்கா வீட்டுக்கு ஓடினேன். அண்ணை வானொலிக்குப் பக்கத்தில் போர்வையோடு இருந்தார். அக்கா ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அங்கே யார் போயிருப்பார்கள், யார் போயிருக்க மாட்டார்கள் என்று தனக்குத்தானே கணக்குப் பார்த்தார். அடுப்பு மூட்டவில்லை. வெறும் தேத்தண்ணி குடித்தோம்.

இன்று வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது.

மேலே உள்ள வாக்கியத்தை வெட்டிவிட்டுத் திரும்பவும் எழுதியிருக்கிறேன்.

22 ஜனவரி

தெற்கில் விழும் வீடுகளுக்கு அறிவித்தல்கள் போயிருக்கின்றன.

27 ஜனவரி, ஞாயிறு

அக்கா அறிவித்தலை என் கையில் தந்தார். முகத்தில் கோபம் இல்லை; குழப்பம்தான்.

"நாங்கள் தெற்காம். தெற்கெண்டால் பிரயரி லேன் எங்களுக்கில்லையாம். நேற்றுவரைக்கும் அடுத்த ஆள், இண்டைக்குக் கடைசி ஆள். இது என்ன நியாயம் தம்பி? நீர் உந்தக் கந்தோரிலைதானே இருக்கிறீர்."

"உது மேலிடத்திலை போட்ட எல்லை அக்கா."

'மேலிடம்'. அந்தச் சொல் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது.

"மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதுவம். எனக்கு உந்த இங்கிலீஷ் வராது. நீர் எழுதித் தாரும்."

எழுதிக் கொடுத்தேன். அண்ணையின் நெஞ்சு, டொக்டரின் எச்சரிக்கை, சுவர், காத்திருந்த காலம். எல்லை சரிதானா என்று பார்க்கும்படி மட்டும் கேட்கவில்லை. நான் எழுதியவற்றில் மிகச் சிறந்த ஆங்கிலம் அதுதான். அக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கண் கலங்கினார்.

"எங்களைப் பற்றி இவ்வளவு தெரிஞ்சு வைச்சிருக்கிறீரே," என்றார்.

அண்ணை கட்டிலைக் குசினிக்கு இறக்கச் சொன்னார். படி ஏற முடியவில்லை. நான்தான் இறக்கிக் கொடுத்தேன்.

5 பெப்ரவரி

மின்சாரம் இல்லாத பிற்பகல். நிலக்கரித் தட்டுப்பாடு, கந்தோர் முழுவதும் காஸ் விளக்கும் மேலங்கியும். ஹாலம் ஒரு கடிதத்தோடு வந்தார். என் வாக்கியங்களை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"நன்றாக எழுதியிருக்கிறாள் இந்தப் பெண். உன் நாட்டுக்காரியா?"

"ஆம்."

"வீடமைப்புப் பகுதியினர் கேட்கிறார்கள். இந்த வீடு கோட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. வடக்கே இருந்தால் பிரயரி லேன் சாவியை நாளைக்கே கொடுத்துவிடலாம், அவர்களுக்கும் நிம்மதி. நீ அந்த இடத்தை நடந்து பார்த்தவன். எந்தப் பக்கம்?"

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எந்த அவசரமும் இல்லை. கேட்டுவிட்டு ஒரு மனிதன் காத்திருக்கிறான், அவ்வளவுதான்.

"தெற்கு," என்றேன்.

"நிச்சயமா?"

"வரைபடத்தின்படி."

எழுதிக்கொண்டு போனார்.

பொய் சொல்லவில்லை. வரைபடத்தின்படி தெற்குதான். நான் இழுத்த கோடு அதற்குச் சாட்சி. இன்று மூன்று முறை கை கழுவினேன், மை இல்லை.

19 பெப்ரவரி

வேலை கிடைத்தது.

8 மார்ச்

பிரயரி லேன் வீட்டின் சாவியை ஒரு வயதான தம்பதியிடம் கொடுத்தார்கள். அவர்களும் நல்லவர்கள்தான். அந்தப் பெண் கந்தோர் வாசலில் சாவியைக் கைப்பைக்குள் போட்டு, திறந்து பார்த்து, மறுபடி போட்டாள்.

வரலாறு அச்சாகி வந்தது. பெயர் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

25 மார்ச்

நாளை சபையின் கடைசிக் கூட்டம். செயலாளர் பெட்டிஃபர் ஓய்வு பெறப்போகிற கிழவர். நாற்காலிகளை அடுக்குவதற்கு நான் உதவினேன்.

ஒவ்வொரு கூட்டமும் ஒரே சடங்கோடுதான் தொடங்கும். போன கூட்டத்தின் அறிக்கையை முன்வைத்து, இது சரியான பதிவுதானா என்று தலைவர் கேட்பார். ஒருவரும் பேசமாட்டார்கள். பேசாவிட்டால் சரி என்று பொருள். கையெழுத்து. அதற்குப் பிறகுதான் நடந்தது நடந்ததாகும்.

"நாளைய கூட்டத்தை எப்போது உறுதிப்படுத்துவார்கள்?" என்று கேட்டேன்.

பெட்டிஃபர் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல கேள்வி. யாரும் உறுதிப்படுத்த மாட்டார்கள். அடுத்த கூட்டம் இல்லையே. ஆகவே நாளை யார் எதைச் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் சொல்லப்படாததுதான். எண்பது வருடமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்த அதிகாரிகளுக்கு நல்ல சந்தர்ப்பம். நீயும் ஏதாவது திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொள்."

கதிரைகளை வரிசையாக வைத்து முடித்தேன்.

26 மார்ச், செவ்வாய்

இன்று பேசினேன்.

அலுவல்கள் முடிந்து, நன்றிகள் முடிந்து, அதிகாரிகள் விரும்பினால் ஓரிரு வார்த்தை சொல்லலாம் என்றார் தலைவர். சுகாதார அதிகாரி ஒரு பன்றிப் பண்ணைக் கதை சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நான் எழுந்தேன். முழங்கால் மேசையில் இடித்தது.

சொன்னது இதுதான்: பிரிக்கும் எல்லையில் ஓரிடத்தில் ஐயத்துக்கு இடமிருப்பதாகக் கருதப்படுகிறது. ஓடை என்ற பெயர் எந்த நீர்த்தடத்தைக் குறிக்கிறது என்பது மறுபடி ஆராயப்படலாம். ஒரு வீடாவது இதனால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். அந்த வீட்டில் நோயாளி ஒருவர் இருப்பதாக அறியப்படுகிறது.

ஒரு வாக்கியத்திலும் 'நான்' இல்லை.

"நன்றி, மிஸ்டர் சீலன். புதிய மாவட்டங்கள் இதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளும் என்று நம்புவோம்," என்றார் தலைவர். கைதட்டினார்கள், பன்றிக் கதைக்குத் தட்டிய அளவுக்கு. பெட்டிஃபர் என்னைப் பார்க்கவில்லை. பேனாவை மூடி வைத்திருந்தார். ஹாலம் மட்டும் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்ததை அவரும் சொல்லமாட்டார். அவருடைய கையெழுத்தும் அந்தப் படத்தில் இருக்கிறது.

'பேசினேன்' என்று முதல் வரியில் எழுதியிருக்கிறேன். சாவி கொடுத்து முடிந்த பிறகு, பதிவாகாத ஒரு கூட்டத்தைத் தேர்ந்து.

31 மார்ச்

மாவட்டம் முடிந்தது. சட்டை தோய்த்தேன்.

14 ஏப்ரல், ஞாயிறு

சித்திரை வருடப்பிறப்பு. போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அண்ணை குசினிக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து இருந்தார். வேட்டி உடுத்தியிருந்தார். பேசும்போது ஒவ்வொரு நாலைந்து சொல்லுக்கும் நின்று மூச்செடுத்தார். தெற்கு மாவட்டத்திலிருந்து பதில் வந்ததாம்: வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதை அக்கா சமையலுக்கு நடுவே, உப்பு எங்கே என்று கேட்பதுபோலச் சொன்னார். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் எங்களிட்டை ஒரு விஷயத்தை மறைச்சுப்போட்டீர்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எங்கடை ஆஸ்பத்திரிக் கமிட்டியிலை ஒரு கவுன்சிலர் மனுசி. அவ வார்டுக்கு வந்து சொன்னா, கடைசிக் கூட்டத்திலை உங்கடை ஆள் எழும்பி உங்கடை வீட்டுக்காகக் கதைச்சவர் எண்டு. அத்தினை வெள்ளைக்காரருக்கு நடுவிலை. எனக்கு வார்டிலை நிண்டபடி அழுகை வந்திட்டுது."

"பெரிசாய் ஒண்டும் கதைக்கேல்லை அக்கா."

"உதுதான் அவற்றை குணம்," என்றார் அண்ணை. "செய்து போட்டுச் சொல்லாது."

"அண்ணை, அந்தக் கோடு..."

"கோட்டை விடும் ஐசே." மூச்செடுத்தார். "அதைப் போட்டவன் எவனோ ஒருத்தன். மேசையிலை இருந்து போட்டிருப்பான். அவனிலை எனக்குக் கோபமில்லை. அவனுக்கு எங்களைத் தெரியுமே?"

வாய் திறந்தேன். அக்கா சர்க்கரைப் பொங்கலை என் முன்னால் வைத்தார். முந்திரிகை வற்றல் நிறையப் போட்டிருந்தது. வாய் திறந்தபடியே இருக்க முடியாது. ஒரு கரண்டி எடுத்து வைத்தேன்.

நேரம் வந்துவிட்டது என்றார் அக்கா. கைவிசேடத்துக்கான நேரம். வருடத்தின் முதல் நாளில் நல்ல மனமுள்ள ஒருவர் கையால் கொடுத்து, இன்னொருவர் வாங்கினால் அந்த வருடம் இருவருக்கும் நிறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெற்றிலை இல்லை. அக்கா முன்வேலியில் பறித்த லோரல் இலையில் ஒரு நாணயத்தை வைத்து அண்ணையிடம் கொடுத்தார்.

"முதலிலை அக்காவுக்குக் குடுங்கோ அண்ணை," என்றேன்.

"அவளுக்குப் பிறகு. எங்களுக்காக வாய் திறந்த ஆள் நீர். உமக்குத்தான் முதல்."

கை நீட்டுவதற்கு அவர் உடம்பை முன்னால் சாய்க்க வேண்டியிருந்தது. இருமல் வந்தது. இலை நடுங்கியது. நாணயம் விழுந்துவிடாமல் மற்றக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு இருமல் அடங்கும்வரை காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். பிறகு மறுபடி நீட்டினார்.

இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கினேன்.